காலை ஆறும்வரை

டாக்டர் சற்குணம் ஐயா காலமான செய்தியைக் காதர் பாய் என் கடைக்கு வந்து சொன்னார். நான் குந்திக்கொண்டு அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். காதர் பாய் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். மாவுக்கட்டுப் போடுகிறவர். பத்து வருஷமாகத் தினமும் காலையில் தூக்குச்சட்டியோடு வந்து ஆட்டுக்கால் சூப்பு வாங்கிப் போகிறவர். அன்றைக்குக் கையில் தூக்குச்சட்டி இல்லை.

"இன்னா பாய், வெறுங்கையோட வந்துகிற?"

"நம்ம தேன் டாக்டரு பூட்டாரு அக்கா. விடியக்காலம் நெஞ்சு வலின்னாராம். தண்ணி கேட்டாராம். அத்தோட சரி."

நான் எழுந்து நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் கவனித்தேன், கையைத் தரையில் ஊன்றாமல், எதையும் பிடிக்காமல், குந்தியிருந்த இடத்திலிருந்து நேராக எழுந்திருக்கிறேன். வலது முட்டி அவர் தைத்த முட்டி. அவர் போன சேதியைக் கேட்டு முதலில் எழுந்து நின்றது அதுதான்.

ஐயாவுக்காக ஆஸ்பத்திரியில் நினைவு மலர் ஒன்று அச்சுப் போடுகிறார்கள். படித்தவர்கள் நிறையப் பேர் எழுதுவார்கள். சிஸ்டரம்மா என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் ரெண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் எழுதுகிறேன். நடுவில் ஒரு அட்டையைப் பற்றி வரும். அதில் இருப்பதை மட்டும் திருத்த வேண்டாம்.

அவரைத் தெரியாதவர்களுக்கு முதலில் பேர்க் காரணம் சொல்ல வேண்டும். ஐயாவுக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். "சொல்லுதேன்", "பாக்குதேன்", "எழுதுதேன்" என்றுதான் பேசுவார். வார்டில் இருந்த நாங்கள் எல்லாம் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை. எங்களுக்கு அது வேடிக்கை. "தேன் வந்துகினு கீது, ஒழுங்கா படுங்க" என்போம். அவருக்கும் அது தெரியும். மருந்து கசக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு அம்மாவிடம், "தேனே நேர்ல வந்து நிக்கேன், இன்னும் என்ன கசப்பு, குடிங்க" என்று சொன்னதை நானே கேட்டேன். இன்னொன்று, கூலிக்காரரோ மீன்காரியோ, அவர் யாரையும் 'நீ' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் அவர் கையில் போய்ச் சேர்ந்தது சுதந்திரம் வந்து ரெண்டாம் வருஷம். ராயபுரம் கல்மண்டபத்தில் அப்போதும் இதே கடைதான். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியலில் சூப்பு குடித்துவிட்டுப் போவார்கள். கால் மட்டும் போட்டால் சூப்பு திக்காக இருக்காது என்று பின்னங்கால் முட்டி, நல்லி எல்லாம் வாங்கி உடைத்துப் போடுவேன். எல்லா வேலையும் குந்தியபடிதான். ஒரு நாள் குந்தின வாக்கில் அண்டாவைத் தூக்கினேன். பின்னாலிருந்து ஒருத்தர், "கன்னியம்மா, எனக்கு ரெண்டு" என்றார். அண்டாவும் கையுமாக எழுந்துகொண்டே திரும்பினேன். முட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அவருக்கே கேட்டதாம், எலும்பு உடைக்கிறேன் என்று நினைத்தாராம். கால் பாதி மடங்கினபடி பூட்டிக்கொண்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. என் வீட்டுக்காரர் முனுசாமி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். என்னையும் ஒரு மூட்டை மாதிரி தூக்கி ரிக்ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பெரிய டாக்டர் வந்து அசைத்துப் பார்த்தார். "உள்ள ஜவ்வு கிழிஞ்சு மடிஞ்சு மாட்டிக்கிச்சு. எடுத்துடலாம். மூணு வாரத்துல நடப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்றவர்தான் ஐயா. அவரிடம் நான் கேட்டேன்.

"நடப்பேன், சரிங்க. குந்துவனா?"

போக இருந்தவர் நின்றார். "அதை ஏன் கேக்கீய?"

"நான் குந்திகினுதானே பொழைக்கிறேன்? நடந்து இன்னா பண்ணப்போறேன்?"

அவர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார். "நல்ல கேள்வி அம்மா. இதைப் பத்திப் புஸ்தகம் எழுதினவங்க ஊர்ல யாரும் குந்துறதில்ல. நாற்காலிதான். அதனால உங்க கேள்விக்குப் புஸ்தகத்துல பதில் இல்ல. விசாரிச்சுச் சொல்லுதேன்."

எனக்குச் சமாதானம் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் நிஜமாகவே விசாரிக்கப் போனார். முன்னே ஜவ்வு எடுத்தவர்களின் விலாசங்களைப் பழைய ரிஜிஸ்டரில் பார்த்து எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முடிந்ததும் காதர் பாயைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். திருவொற்றியூர், எண்ணூர், காத்திவாக்கம் வரைக்கும் போனார்கள். போன வீட்டிலெல்லாம் ஒரே கேள்வி, "குந்துங்க பாப்போம்." காத்திவாக்கத்தில் ஒரு மீன்காரர் நன்றாக நடந்தாராம். நாலு வருஷம் ஆகிறதாம். ஆனால் கட்டுமரத்தில் முட்டி போட முடியவில்லை என்று கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, கரையில் நின்றுகொண்டே மற்றவர்கள் வலையிலிருந்து மீன் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். "ஐயா அந்தாளு முட்டியத் தடவித் தடவிப் பாத்துகினே இருந்தாரு. வர்ற வழில நின்னு நின்னு நோட்டுல எழுதினாரு" என்று காதர் பாய் சொன்னார்.

திங்கட்கிழமை ஐயா என் கட்டிலுக்கு வந்தார். "எல்லாராலயும் முடியல. சிலரால முடியுது. ஏன்னு எனக்குத் தெரியல. முட்டிக்குள்ள என்ன இருக்குன்னு முதல்ல உங்களுக்குச் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தார்.

"தெரியும் ஐயா. பொறை நெலா மாரி ரெண்டு ஜவ்வு. ஆட்டுக்கும் கீது. எம்மா நேரம் வேக வெச்சாலும் கரையாது, அந்தக் கழுதை."

"ஆட்டு முட்டியத் திறந்து பாத்திருக்கீயளா?"

"தினம் பத்து முட்டி ஒடைக்கிறேன், பாக்காம? வெளி ஓரம் செவப்பா நூல் நூலா கீது. உள் ஓரம் வெள்ள வெளேர்னு, வழவழன்னு கீது."

கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் கடைக்கு வருகிற யாரும் என்னிடம் இந்த மாதிரி ஒரு சங்கதியைக் கேட்டதில்லை. செவப்பு எவ்வளவு அகலம், கிழட்டு ஆட்டுக்கும் குட்டிக்கும் ஒரே மாதிரியா, நொண்டி ஆட்டின் முட்டியைப் பார்த்ததுண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அன்று சாயங்காலமே கடைக்குப் போய், எனக்குப் பதிலாகக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் ரெண்டு முட்டி வாங்கி நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். மறுநாள் என்னைப் பார்க்க வந்த முனுசாமி கேட்டார், "உங்க டாக்டரு நாய் வளக்கறாரா?"

பிறகு ஐயா விளக்கினார். செவப்பு ஓரத்தில் ரத்தம் ஓடுகிறது, அங்கே கிழிந்தால் ஆற வழி உண்டு. வெள்ளையில் ரத்தம் இல்லை, அங்கே கிழிந்தால் ஆறாது. நாயின் முட்டியில் இதைப் பார்த்து எங்கேயோ எழுதியிருக்கிறார்களாம். "உங்க கிழிசல் செவப்புல இருந்தா தைக்கலாம்னு நினைக்கேன். வெள்ளையில இருந்தா எடுத்துத்தான் ஆகணும். திறந்து பாத்தாத்தான் தெரியும். தைச்சா ஒட்டும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஒட்டலைன்னா மறுபடி கத்தி வைக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க அம்மா."

முனுசாமிக்கு இஷ்டமில்லை. "மூணு வாரத்துல வூட்டுக்கு அனுப்பறேன்னு பெரியவரு சொல்றாரு. இவரு இன்னாடான்னா துணி தைக்கிற மாரி பேசறாரு. எடுத்துத் தொலைங்கன்னு சொல்லு" என்றார். என்னிடம் ஒரு விஷயத்தை யோசித்துச் சொல்லுங்கள் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. ராத்திரி முழுக்க யோசிக்க வேண்டும் என்று நினைத்துப் படுத்துத் தூங்கிவிட்டேன். காலையில், "தைச்சுடுங்க" என்றேன்.

பெரிய டாக்டர் ஒத்துக்கொண்டார், அரை மனசாக. "உம்ம தையல் கடையை ஒரு தடவை திறந்து பாரும் சற்குணம். கிழிஞ்சா அதோட மூடிடணும்" என்று எங்கள் எதிரிலேயே சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் முட்டியோடு இவர் பேரும் சேர்ந்து கத்திக்கு அடியில் போகிறது.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது அவர் முகம்தான் தெரிந்தது. "செவப்பு" என்றார். அந்த ஒரு சொல்தான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கிழிந்த ஓரம் பழசாகி வழவழப்பாக இருந்ததால் அப்படியே தைக்காமல், இரண்டு பக்கமும் கத்தி முனையால் லேசாகச் சுரண்டி ரத்தம் கசிய வைத்துத் தைத்தாராம். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் புதுச் சுண்ணாம்பு பூசினால் நிற்குமா என்றார். தைத்த நூல் எதில் செய்தது என்று கேட்டேன். ஆட்டுக்குடல் என்றார். வார்டே சிரித்தது. காதர் பாய் மாவு குழைத்துக்கொண்டே, "அக்கா, நீ இத்தினி ஆட்ட வித்த. கடைசில ஆடே வந்து உன்னத் தச்சிட்டுப் போச்சு" என்றார்.

தொடையிலிருந்து பாதம் வரைக்கும் கால் நேராக இருக்கும்படி மாவுக்கட்டுப் போட்டார்கள். ஐயா ஒரு அட்டையில் தன் கையால் எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டார். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதில் இருந்தது இவ்வளவுதான்:

காலை ஆறும்வரை ஊன்றக் கூடாது.

இனிமேல் எழுதப்போவதை அவர் இருந்திருந்தால் அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார். இப்போது நான்தான் சொல்ல வேண்டும்.

அவர் எழுதினது, காயம் ஆறுகிற வரைக்கும் காலைக் கீழே ஊன்றக் கூடாது என்று. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். காலை. ஆறு. ம். வரை. என் கடைப் பலகையில் பெயிண்டர் 'காலை 5 ம. முதல்' என்றுதான் எழுதியிருந்தார். ம என்றால் மணி. அப்படியானால், காலை ஆறு மணி வரை ஊன்றக் கூடாது. ஆறுக்கு மேல் ஊன்றலாம். எவ்வளவு நல்ல டாக்டர், வேலைக்காரிக்கு ஏற்ற மாதிரி எழுதியிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். நானே படித்துவிட்டேன் என்ற பெருமை வேறு. பக்கத்துக் கட்டிலுக்கும் படித்துக் காட்டினேன்.

நாலாம் நாளிலிருந்து துறைமுகத்தில் ஆறு மணிச் சங்கு ஊதினதும் எழுந்துவிடுவேன். கட்டில் கட்டிலாகப் பிடித்துக்கொண்டு, மாவுக்கட்டுக் காலை ஊன்றி ஊன்றி நடந்து, ஆயாவோடு சேர்ந்து எல்லோருக்கும் காப்பி கொடுப்பேன். வலி இருந்தது. ஆனால் முட்டி மடங்கவில்லை, மாவு விடவில்லை. டாக்டர் சொல்லித்தான் செய்கிறேன் என்று ஆயா நினைத்தாள். எட்டு மணிக்குள் படுத்துவிடுவேன். ஒன்பது மணிக்கு ஐயா வருவார்.

"அட்டையில எழுதினபடி இருக்கீயளா அம்மா?"

"கொஞ்சம் கூடத் தப்பல ஐயா."

இரண்டு பேருக்கும் திருப்தி. இப்படிப் பன்னிரண்டு நாள் போயிற்று.

பதிமூன்றாம் நாள் ஐயா கட்டிலின் கால்மாட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் குனிந்து என் உள்ளங்கால் பக்கம் பார்த்தார். மாவுக்கட்டின் அடி கறுத்து, குதிகாலில் தேய்ந்து, ஓரத்தில் ஒரு காப்பித் தூளும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கன்னியம்மா, இந்த மாவுக்கட்டு எங்க போயிட்டு வந்திருக்கு?"

"காப்பி குடுக்கப் போச்சு ஐயா."

அவர் முகம் போன போக்கே சரியில்லை. பயத்தில் அட்டையைக் காட்டினேன். "நீங்கதான எழுதிக்கிறீங்க? ஆறு மணி வரிக்கும் நான் காலக் கீழ வெச்சதே இல்ல. சத்தியமா. சங்கு ஊதினப்புறம்தான் எழுந்தேன்." எழுத்தின் மேல் விரலை வைத்துப் படித்தும் காட்டினேன்.

ஐயா அட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு தடவை படித்தார். உதட்டை அசைத்து, என் மாதிரியே எழுத்துக் கூட்டி, இன்னொரு தடவை படித்தார். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"இது சரியான தமிழ்தான்" என்றார். "ஆனா சரியான அட்டை இல்ல. தப்பு என் பேர்ல."

அதற்குள் பெரிய டாக்டருக்குச் சேதி போய்விட்டது. வந்தார். "தையல் பிஞ்சிருக்கும். நாளைக்கே திறந்து எடுத்துடும். படிக்கத் தெரியாத ஜனங்களை வெச்சுக்கிட்டு இதெல்லாம் செய்யக் கூடாது" என்றார். ஐயா எழுந்து நின்று சொன்னார், "அவங்க படிச்சாங்க சார். நான்தான் எழுதத் தெரியாம எழுதியிருக்கேன். ஆறு வாரம் முடியட்டும். அதுக்கப்புறம் முட்டி பூட்டினா நானே எடுக்கேன். தையல் கடையையும் மூடிருதேன்."

அவர்கள் போனதும் நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். என் கால் போனது ஒரு பக்கம். இந்த மனுஷனை நாலு பேர் எதிரில் தலை குனிய வைத்துவிட்டேனே என்பது இன்னொரு பக்கம். காதர் பாய் வந்து, "அழாத. மாவு போட்டது நானு. என் மாவு பிரியாது" என்றார். அதுவும் ஒரு ஆறுதல்தான்.

மறுநாள் ஐயா நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். திட்டப்போகிறார் என்று இருந்தேன். அவருக்கு வேறு வேலை இருந்தது. எத்தனை தரம் நடந்தீர்கள், எவ்வளவு நேரம், நிற்கும்போது வலியா, தூக்கும்போது வலியா, எந்தப் பக்கம், முதல் நாளைவிடப் பன்னிரண்டாம் நாள் கூடவா குறையவா? ஒன்றுவிடாமல் எழுதினார். எழுதி முடித்துப் பென்சிலால் காதைச் சொறிந்துகொண்டு சொன்னார், "வலி நாளுக்கு நாள் குறைஞ்சிருக்கு. தையல் பிஞ்சிருந்தா கூடணும்லா?"

அதற்கடுத்த நாள் ஒரு எனாமல் தட்டில் என் கடை முட்டியே என் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது. ஜவ்வின் செவப்பு ஓரத்தில் அவர் கத்தியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார். "ஆட்டுக்கால் பிடிக்கிறதுல நீங்கதான் கெட்டிக்காரி. மேலேயும் கீழேயும் பிடிச்சுக்கிட்டு நேரா அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். கீறலின் இரண்டு உதடும் சேர்ந்து மூடிக்கொண்டன. "இப்ப மடக்குங்க." மடக்கினேன். உதடு திறந்தது. மறுபடி நேராக அழுத்தினேன், மூடியது. மடக்கினேன், திறந்தது. நாங்கள் இரண்டு பேரும் குழந்தைகள் விளையாடுகிற மாதிரி எத்தனை தரம் செய்தோமோ தெரியாது. பக்கத்துக் கட்டில் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ நான் நின்னது நல்லதா ஐயா?"

"அப்படிச் சொல்ல ஆசையாத்தான் இருக்கு" என்றார். "ஆனா ஆடு நாலு கால்ல நிக்குது, நீங்க ரெண்டு கால்ல. இது செத்த முட்டி, உங்களுது உயிருள்ள முட்டி. ஆசைக்கும் தெரிஞ்சதுக்கும் நடுவுல கொஞ்சம் தூரம் இருக்கு அம்மா. இனிமே நிக்காதீங்க."

ஆறு வாரம் முடிந்து காதர் பாய் மாவை வெட்டினார். கால் குச்சி மாதிரி இருந்தது. ஐயா உடனே மடக்க விடவில்லை. முதலில் மணல் பை கட்டி, படுத்தபடி நேராகத் தூக்கச் சொன்னார். தொடைச் சதை வந்தால்தான் முட்டி நிற்குமாம். பிறகு தினம் கொஞ்சம் மடக்க வைத்தார். ஒவ்வொரு நாளும் அந்தப் பழைய 'டக்' வருமா என்று அவர் முகத்தை நான் பார்ப்பேன், என் முகத்தை அவர் பார்ப்பார். வரவில்லை.

நாலாம் மாசம் ஒரு காலையில், ரவுண்டு வந்த பெரிய டாக்டர் எதிரிலேயே ஐயா சொன்னார், "குந்துங்க கன்னியம்மா."

வார்டு முழுக்கக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. நான் குந்தினேன். முழுசாக, என் கடை அடுப்பின் எதிரே குந்துகிற மாதிரி. முட்டிக்குள் இறுக்கமாக இருந்தது, அவ்வளவுதான். "எழுந்திரிங்க" என்றார். எழுந்தேன். எங்கிருந்தோ ஒரு குரல், "கன்னியம்மா, எனக்கு ரெண்டு!" என்றது. திரும்பினால் காதர் பாய்.

பெரிய டாக்டர், "அதிர்ஷ்டம்" என்றார்.

"இருக்கலாம் சார்" என்றார் ஐயா. "அடுத்த ஆளுக்கும் செஞ்சு பாத்தாத்தான் அதிர்ஷ்டமா இல்லையான்னு தெரியும்."

தையல் கடை மூடவில்லை. அதற்குப் பிறகு அவர் பல பேருக்குத் தைத்தார். எல்லோருக்கும் ஒட்டியது என்று நான் எழுதினால் அவருக்கே பிடிக்காது. எண்ணூரிலிருந்து வந்த ஒரு ஃபேக்டரித் தொழிலாளிக்குத் தைத்தது பிரிந்து, மறுபடி திறந்து எடுக்க வேண்டியதாயிற்று. ஐயா அவர் வீட்டுக்கே போய், "கிழிசல் வெள்ளை வரைக்கும் ஓடியிருந்துச்சு. அதைத் தைக்கலாம்னு நான் நினைச்சது தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார். நேராகக் கட்டின காலை ஊன்ற விடலாமா என்பதை வெகு காலம் யோசித்தார். கடைசி இரண்டு மூன்று வருஷமாகத்தான் சிலரை, கட்டோடு, கொஞ்ச நேரம் நிற்க விட்டார். நோட்டில் அவர்களுக்கு என்ன பேர் வைத்திருந்தார் தெரியுமா? 'காப்பி கொடுத்தவர்கள்.'

அட்டைகளும் மாறின. இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு கால் படம் போட்டு, பாதத்துக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விட்டு, கீழே 'டாக்டர் சொல்ற வரிக்கும் காலக் கீழ வெக்காதீங்க' என்று எழுதியிருக்கிறதே, அது ஐயா எழுத்து. நானும் காதர் பாயும் சொல்லச் சொல்ல எழுதினார். "உங்க பாஷையில தப்பாப் படிக்க வழியே இல்ல" என்றார். பழைய அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டார். கடையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் நான் நன்றாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு எழுத்தையும் அவசரப்பட்டு விழுங்குவதில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்ததும், கடைக்கு வருவார். சூப்பு குடிக்க மாட்டார். "குந்துங்க" என்பார். எழச் சொல்லுவார். புடவை மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை முட்டியில் வைத்துக் கேட்பார். கூலிக்காரர்கள், "இன்னா அய்யா, முட்டிக்கு ஜொரமா?" என்று கேலி பண்ணுவார்கள். அவர் விரலை உதட்டில் வைத்து அதட்டுவார். கடையே கப்சிப் ஆகிவிடும். பத்து வருஷத்தில் அதற்கு மேல் அமைதி எங்கள் கடையில் இருந்ததில்லை.

கடைசியாக வந்தது போன மாசம். மூச்சு வாங்கினது. பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் என் முட்டியையே பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியாது கன்னியம்மா. அது நிஜமாவே ஒட்டுச்சா? இல்ல, ஒட்டாமலே சமர்த்தா அங்கேயே இருக்கா? வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். தெரிஞ்சுக்கணும்னா திறக்கணும். நல்லா இருக்கிற முட்டியத் திறக்க முடியுமா?"

"நான் செத்தப்புறம் தொறந்து பாத்துக்குங்க ஐயா" என்றேன், விளையாட்டாக.

"அதுவரைக்கும் நான் இருக்கணும்லா?"

"இல்லாட்டி?"

"தெரியாமலே போவேன்" என்று சிரித்தார். "தெரியாமப் போறது ஒண்ணா ரெண்டா."

இப்போது அவர் தெரியாமலே போய்விட்டார். பதில் என் காலுக்குள் இருக்கிறது. நான் தினம் அதன் மேல்தான் குந்துகிறேன், எனக்கும் தெரியாது.

அதனால் ஆஸ்பத்திரிப் பெரியவர்களுக்கு இந்த மலரிலேயே எழுதி வைக்கிறேன். நான் போன பிறகு என் வலது முட்டியைத் திறந்து பாருங்கள். உள்பக்கத்து ஜவ்வு, வெளி ஓரம், செவப்பு. ஒட்டியிருந்தால் எவ்வளவு தூரம் ஒட்டியிருக்கிறது, ஒட்டாவிட்டால் எங்கே விட்டது என்று ஐயாவின் நோட்டில் என் பேருக்கு நேரே எழுதிவிடுங்கள். எப்படி இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். முனுசாமிக்குக் கோபம். "உசுரோட இருக்கறப்பவே பங்கு போடறியா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "சரி, வேற எதையும் தொடக் கூடாதுன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

ஐயாவை அடக்கம் செய்தபோது நான் போகவில்லை. எங்கள் வழக்கத்தில் பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். அது சுடுகாடு இல்லை, கிறிஸ்தவங்க கல்லறைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மூன்றாம் நாள் விடியலில் கடையை முனுசாமியிடம் விட்டுவிட்டுக் காசிமேட்டுக் கல்லறைக்குப் போனேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது. மேலே மாலைகள் வாடிக் கிடந்தன. கடல் சத்தம் கேட்டது. எனக்கு ஜபம் தெரியாது. அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும். அவர் தலைமாட்டில், கை ஊன்றாமல், முழுசாகக் குந்தினேன். 'கேளுங்க ஐயா' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அசையாமல் இருந்தேன்.

அப்போது துறைமுகத்தில் சங்கு ஊதியது.

காலை ஆறு மணி ஆகிவிட்டது, ஐயா. ஆறவில்லை. ஆனாலும் அட்டையில் எழுதினபடி எழுந்து நின்றேன். போய் வாருங்கள்.